சின்னையா மேஸ்திரி தெரு நீண்ட கதை

புளியந்தோப்பில் சின்னையா மேஸ்திரி தெரு நீள ஆரம்பித்த வருஷம் அந்தத் தெருவில் அறுபது வீடுகள் இருந்தன, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருந்தது, ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் பக்கத்து வீட்டுக்காரி "நூறு" என்று வாழ்த்துகிற அளவுக்கு நெருக்கம் இருந்தது, அந்த நெருக்கத்துக்குள் தினமும் காலை ஐந்து மணிக்கு ஜெயசீலி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்து நாலு வயது. தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. பதினொரு மணி நேரம் நின்றபடி புடவையைப் பிரித்துக் காட்டி, பிரித்ததை மடித்து, மடித்ததை இன்னொருத்திக்காக மறுபடி பிரித்து, கெண்டைக்காலில் நரம்பெல்லாம் பச்சைப் பச்சையாக முறுக்கிக்கொண்டு எழுந்தபோது, ஆஸ்பத்திரி டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். மூன்றாம் வாரம் நடை போதவில்லை, ஓடினாள். மைதானத்தின் கேட்டை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள், மெயின் ரோட்டில் தண்ணீர் லாரியும் நாயும், ஆகையால் தெருவிலேயே ஓடினாள். தெருவின் இந்தக் கோடியில் டிரான்ஸ்ஃபார்மர், அந்தக் கோடியில் வாட்டர் டேங்க். அதைத் தொட்டு இதைத் தொட்டு கோடிக்குக் கோடி நாற்பத்தேழு முறை ஓடினால் பத்து கிலோமீட்டர்.

இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் பரிமளா. தெருவின் நட்டநடுவில் இருப்பவள், ப்ளவுஸ் தைப்பவள், நாற்பத்தாறு வயது, கனத்த சரீரம், குடிகாரப் புருஷனைப் பதினாறு வருஷத்துக்கு முன்பே வீட்டை விட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றி, ஒரு முனையை ஜெயசீலியிடம் கொடுத்து, ரெண்டு பேரும் தரையோடு தரையாகக் குந்திக் குந்தி நகர்ந்து தெருவை அளந்தார்கள். நூற்று நாற்பது டேப். "இடுப்புச் சுத்தளவும் குடுத்துடு, தெருவுக்கே ஒரு ப்ளவுஸ் தச்சிடலாம்" என்றாள் பரிமளா.

வெயில் ஏறினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் உட்கார முடியாது என்பதால் பரிமளா விடியும் முன்பே வாசலில் மெஷினைப் போட்டுவிடுவாள். ஜெயசீலி ஒரு காலைக்கு நாற்பத்தேழு முறை அவளைக் கடந்து போனாள். கடக்கிற ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசிக்கொள்ள நேரம் இருந்தது.

"மூணாம் நம்பர் மருமக அளவு குடுக்க வந்தாடி" என்பாள் பரிமளா.

டேங்கைத் தொட்டுவிட்டு வந்து, "வந்து?" என்பாள் ஜெயசீலி.

"முதுகுல ஜன்னல் வெக்கணுமாம்."

டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டு வந்து, "வெச்சிக் குடுக்கறதுதானேக்கா?"

"கூடவே மாமியாக்காரி வந்து நிக்கிறாளே!"

மறுபடி டேங்க். "அப்பால?"

"ஜன்னலும் வெச்சி, ஜன்னலுக்கு ஒரு கதவும் வெச்சித் தச்சிட்டேன். மாமியா ஊர்ல இல்லாதப்போ தொறந்துக்கட்டும்."

இப்படி ஒரு நாளைக்கு ஆளுக்கு நாற்பத்தேழு வாக்கியம். அதற்கு மேல் பேச ரெண்டு பேருக்கும் வேறு பொழுது கிடையாது. ஜெயசீலி கடையிலிருந்து திரும்பும் நேரத்தில் பரிமளா படுத்திருப்பாள். பரிமளாவின் போன் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும். முகம் தெரியாத பேச்சு அவளுக்குப் பிடிக்காது.

ஆனி மாசத்தில் ஒருநாள், முப்பதாவது சுற்றில், "எனக்கு ஒரே ஒரு ஆசைக்கா" என்றாள் ஜெயசீலி. முப்பத்தோராவது சுற்றில், "திரும்பாம ஓடணும்" என்றாள். முப்பத்திரண்டாவதில், "ஓட்டம் சூடு புடிக்கிற நேரத்துல செவுரு வந்துடுது. நேரா ஓடிக்கினே இருக்கணும்." பரிமளா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஓடேன், யாரு வேணான்றாங்க?" என்றாள்.

மறுநாள் ஜெயசீலி ஓடி முடித்து, புதிதாக வாங்கிய, தூரம் காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பத்து கிலோமீட்டர் காட்டியது, பரிமளாவோ, "நாப்பத்தாறுதான் ஆச்சு, ஒண்ணு ஏமாத்துற" என்றாள். இருவரும் வழக்காடி, ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து மறுபடி அளந்தார்கள். நூற்று நாற்பத்தொன்பது. "துவைச்ச துணி சுருங்கும், இது விரியுது" என்று சொல்லிவிட்டு பரிமளா தைக்க உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஜெயசீலி ஓடிய ஒவ்வொரு நாளும் தெரு நீண்டது. முதலில் வீடுகள் நீண்டன. ஏழாம் நம்பரில் கல்யாணச் சீராக வந்து நாலு வருஷமாக நடையிலேயே நின்ற பீரோ ஒருநாள் காலையில் தானாகப் போய்ச் சேர்ந்த மாதிரி சுவரோரம் பொருந்தி உட்கார்ந்தது, பன்னிரண்டாம் நம்பரில் மடக்கியே வைத்திருந்த கட்டிலை விரித்தார்கள், இருபதாம் நம்பரில் கதவு முழுசாகத் திறந்தது, இருபத்தெட்டாம் நம்பரில் புதிதாய்க் கல்யாணம் ஆன பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு தனி அறை முளைத்தது, அந்த வீட்டு மாமனார் அதற்குத் தன் கையால் சுண்ணாம்பு அடித்தார். தேவைக்கு மேல் எந்த வீடும் வளரவில்லை. வேண்டிய மட்டும் வளர்ந்தபின், மிச்ச நீளமெல்லாம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் மண்ணாக விரிந்தது, அதில் கொத்துமல்லி விதைத்தார்கள், வடகம் காயவைத்தார்கள், ஆடு கட்டினார்கள், பையன்கள் பந்து தொலையத் தொலையக் கிரிக்கெட் ஆடினார்கள்.

வெளியே எதுவும் மாறவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெயின் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு டேங்குக்குப் போனால் எப்போதும்போல நாலு நிமிஷம். தெருவுக்குள்ளே நுழைந்து போனால்தான் தூரம். கார்ப்பரேஷனிலிருந்து அளக்க வந்தவர் காலையில் சங்கிலியோடு இறங்கி, மூன்று வீட்டில் சாப்பிட்டு, ஒரு வீட்டில் தூங்கி எழுந்து, சாயங்காலம் மறுகோடிக்கு வந்து சேர்ந்தார். நோட்டைத் திறந்து வெகுநேரம் யோசித்து, "தெரு உள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார். ஷேர் ஆட்டோ ஓட்டும் இருதயராஜ், அவன் ஜெயசீலியின் புருஷன், சென்ட்ரல் பக்கம் போவதை விட்டுத் தெருவுக்குள்ளேயே ஓட்ட ஆரம்பித்து, "டேங்க், டேங்க், பாதித் தெரு, டேங்க்" என்று கூவினான்.

தெரு ஏன் நீள்கிறது என்று யாரும் கேட்கவில்லை. "இன்னிக்கி ஓடுனியா?" என்றுதான் கேட்டார்கள். முட்டை வந்தது, சத்துமாவு வந்தது, ஜெயசீலி வீட்டுத் துணியை முறைவைத்துத் துவைத்தார்கள். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது பதினெட்டு வீட்டிலிருந்து பதினெட்டு வகைக் கஷாயம் வந்தது. இருபத்தோராம் நம்பர் ரஷீதா படுக்கைக்கு அருகில் உட்கார்ந்து, "எங்க சமையல் ரூம் பாதியில நிக்குதுமா, அடுப்பு உள்ள இருக்கு, நான் வெளிய நிக்கிறேன், சீக்கிரம் எழுந்திரு" என்று கெஞ்சினாள்.

ஜெயசீலி எழுந்து ஓடினாள். ஆடி முடிகையில் நாற்பத்தேழு இருபதாகக் குறைந்தது, ஆவணியில் பத்து, புரட்டாசியில் நாலு. ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டுக் கிளம்பியவள், ஓடி ஓடி, கொத்துமல்லிப் பாத்திகளும் ஆடுகளும் விடியலும் இருபுறமும் பின்னால் போகப் போக ஓடி, கால்கள் தன்னுடையவை என்பதே மறந்து ஓடி, டேங்கைத் தொட்டபோது பத்து கிலோமீட்டர் முடிந்திருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டேங்கின் சிமெண்டில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். அன்றைக்கே, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கடற்கரையில் நடக்கும் இருபத்தோரு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். முப்பது வயது தாண்டிய பெண்களில் முதல் மூன்று பேருக்கு விசாகப்பட்டினத்துப் பந்தயத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தது.

இப்போது பரிமளாவை அவள் ஒரு காலைக்கு ஒரே ஒரு முறைதான் கடந்தாள்.

"எங்க அண்ணன் போன் பண்ணாண்டி" என்றாள் பரிமளா ஒரு திங்கட்கிழமை.

செவ்வாயன்று, "நல்லாருக்காராக்கா?" என்று கேட்டபடி ஜெயசீலி போனாள். "திருப்பூர்லதான் இருக்கான்" என்றது பின்னால் வந்த குரல்.

புதனன்று, "அங்க கம்பெனியில தைக்க ஆள் எடுக்குறாங்களாம்." வியாழனன்று, "தங்க எடமும் குடுக்குறாங்களாம்." அந்த நாட்களில் ஜெயசீலி ஓட்டத்தின் நல்ல இடத்தில் இருந்தாள், ஐந்தாவது கிலோமீட்டரில் மூச்சும் காலும் ஒன்றுசேர்ந்து வந்தன, காதில் விழுந்ததற்கெல்லாம் "அப்படியாக்கா, சந்தோஷம்க்கா" என்று சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை பரிமளா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"வரேன்னு சொல்ட்டேன். பொங்கலுக்கு முன்ன வந்து கூட்டிக்கினு போறான்."

"சந்தோஷம்க்கா!"

முந்நூறு அடி தாண்டிய பிறகுதான் அந்த வாக்கியம் அவளைப் பிடித்தது. ஜெயசீலி நின்றாள். முன்னால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் நேராகக் கிடந்தது, ஒரு கல் இல்லை, ஒரு நாய் இல்லை. அவள் திரும்பினாள்.

"எங்கேக்கா போற? இன்னாத்துக்குப் போற?"

"இன்னாத்துக்கா? பக்கத்து வூட்டுக்காரிய பாக்கணும்னா ஷேர் ஆட்டோல போறேன். ப்ளவுஸ் குடுக்க எவ இவ்ளோ தொலவு வருவா? மெயின் ரோட்டுல ரெடிமேடு வாங்கிக்கிறாளுங்க. நாள் பூரா ஆட்டைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். நீயும் ஒரு நாளிக்கி ஒருதபா சர்ருனு போற."

"அப்போ நாளைலேர்ந்து ஓடல."

"ஏண்டி, பைத்தியமா ஒனக்கு?" பரிமளாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நான் போறேன்னா நீ ஏன் ஓடாம ஒக்காரணும்? ஒக்காந்துகினா ஒன் காலு இன்னாத்துக்கு ஆவும்?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பரிமளா வெட்டுத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதையே ஜெயசீலிக்கும் கொடுத்து, "போறவ போறேன். போறதுக்குள்ள பேச வேண்டியது நெறைய கெடக்குது. ஒரு நாளைக்கு ஒரு பேச்சுன்னா எப்படி முடியும்?" என்றாள். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "உன் ஊட்டுக்காரனாண்ட சொல்லி ஒரு லேடீஸ் சைக்கிள் எட்த்தாரச் சொல்லு."

"உனக்கு சைக்கிள் தெரியாதேக்கா."

"ஒனக்கு மட்டும் பொறக்கும்போதே ஓடத் தெரியுமா?"

பஸ் வந்தாலும் ஓடாத பரிமளா நாற்பத்தாறு வயதில், நைட்டிக்கு மேல் துண்டு போர்த்திக்கொண்டு சைக்கிள் ஏறினாள். விழுவதற்கு அந்தத் தெருவைப் போல் வசதியான தெரு மெட்ராஸில் வேறு இல்லை. வடகத்தின் மேல் விழுந்தாள், கொத்துமல்லியில் விழுந்தாள், ஓர் ஆட்டின் மேல் விழுந்தாள், விழுந்த இடத்திலெல்லாம் அந்த வீட்டுக்காரி வந்து தூக்கி, மஞ்சள் வைத்து, டீ கொடுத்து, டீ கொடுத்த கையோடு ஒரு ப்ளவுஸ் துணியையும் கொடுத்தாள். ஜெயசீலி சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள். பதினோராம் நாள் கையை விட்டாள். பரிமளா அதை அறியாமல் எட்டு வீடு தாண்டி பேசிக்கொண்டே போனாள்.

அதிலிருந்து ஒருத்தி மிதித்தாள், ஒருத்தி ஓடினாள். ஒரு மணி நேரம் வாக்கியம் அறுபடாமல் பேசினார்கள், நாற்பத்தேழு துண்டுகளில் சொல்ல முடியாத விஷயங்கள் எத்தனையோ இருந்தன, அழுத விஷயத்தைச் சிரித்துக்கொண்டும் சிரித்த விஷயத்தை அழுதுகொண்டும் சொல்லிக்கொண்டார்கள். தெரு நீள்வது அந்தப் பத்தாவது கிலோமீட்டரோடு நின்றுபோனது. ஒருவரும் வருத்தப்படவில்லை. ரஷீதாவின் சமையல் ரூம் அதற்குள் முடிந்திருந்தது. சிலர் நிலம் களைத்துவிட்டது என்றார்கள், சிலர் போதும் என்று அதற்கே தெரிந்திருக்கும் என்றார்கள். பரிமளாவின் கேரியரில் ப்ளவுஸ் பொட்டலங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஆனாலும் அவள் திருப்பூரைப் பற்றி ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை. அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஜெயசீலியும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

அண்ணன் ஏகாம்பரம் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, புடவைக் கடையில் பொங்கல் கூட்டம் மொய்த்தது. மறுநாள் விடியற்காலை பந்தயம், அதனால் கூட வேலை பார்ப்பவளின் திருவல்லிக்கேணி வீட்டிலேயே படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வேலை முடிந்ததும் ஜெயசீலி இருதயராஜுக்கு போன் செய்தாள்.

"வேன் வந்துச்சா?"

"வந்துச்சு. காலைல நம்ம ஊட்டாண்டதான் உள்ள பூந்துச்சு."

"திரும்பி வந்துச்சா?"

"இந்தப் பக்கம் வரல. டேங்க் பக்கமா போயிருக்கும்." உடனே பேச்சை மாற்றி, "நீ தூங்கு சீலி, காலைல ஓடணும்" என்றான்.

ஐந்து மணிக்குக் கடற்கரையில் விசில் ஊதினார்கள். மார்கழிக் குளிரிலும் கடல் காற்று பிசுபிசுத்தது. ஜெயசீலி ஓடினாள். பத்து கிலோமீட்டர் வரைக்கும் அவள் எங்கே ஓடுகிறாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை, கால் தானாக ஓடியது, மனசு ஒரு வேனுக்குப் பின்னால் திண்டிவனம், விழுப்புரம் என்று போய்க்கொண்டிருந்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் யாரோ, "அம்மா, நீங்க மூணாவது!" என்று கத்தினார்கள். மூணாவதா என்று நினைத்தாள், பரிமளாக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், உடனே வேன் ஞாபகம் வந்தது.

இருபதாவது கிலோமீட்டரில், கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், கிணிங் கிணிங் என்று மணி அடித்தது.

"இன்னாடி, இம்மா வேகமா ஓடுற? புளியந்தோப்புலேர்ந்து மிதிச்சிக்கினு வரேன், முட்டி கழண்டுபோச்சு!"

"அக்கா!" ஜெயசீலிக்கு ஓட்டம் ஒரு கணம் தடுமாறியது. "நீ போகலியா?"

"ஓடு, ஓடிக்கினே கேளு. நேத்து இன்னா நடந்துது தெரியுமா?"

விசில் வைத்திருந்த ஒரு பையன், "அம்மா, ரேஸ் நடக்குது, பக்கத்துல வரக்கூடாது" என்றான். "நான் எங்கப்பா ரேசுல இருக்கேன், நான் பேசிக்கினு வரேன்" என்று பரிமளா மிதித்தாள்.

"அண்ணன் காலைல எட்டு மணிக்கு வேனோட உள்ள பூந்தானா? மொத ஊட்டுலயே நிறுத்தி, பரிமளா அண்ணனா, வாங்க சார், டீ சாப்ட்டுதான் போணும்னு ஒரே புடி. யாரு தெரியுமா? உன் ஊட்டுக்காரன்!"

"அவரா? என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"நான்தான் சொல்லாதன்னேன், நேர்ல நானே சொல்லணும்னு. கேளு. அடுத்து ஏழாம் நம்பர். டீ. பன்னெண்டு. டீ. யாரும் யாராண்டயும் சொல்லி வெக்கல, அவங்கவங்க வாசல்ல நின்னுகினாங்க. ரஷீதா டீயும் குடுத்து பாயாசமும் குடுத்தா. வேன் நாலு ஊடு போவும், நிக்கும், நாலு ஊடு போவும், நிக்கும். பதினோரு டீ, ரெண்டு பாயாசம், ஒரு இளநீ. பாதித் தெரு வர்றதுக்கு மத்தியானம் ஒரு மணி!"

ஜெயசீலிக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, ரெண்டும் சேர்ந்து விலாவைப் பிடித்தது. முன்னால் முடிவுக் கோடு தெரிந்தது, பந்தல் தெரிந்தது, மைக்கில் யாரோ பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் காலடி ஓசை நெருங்கியது.

"நான் துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சிக்கினு வாசல்ல நிக்கிறேன். வேன் வந்து நிக்குது. கதவு தொறக்குது. எறங்குறான். எப்படிம்மா இருக்கேன்னு கேக்கல, கெளம்பலாமான்னு கேக்கல…"

"இன்னா கேட்டாரு?"

இன்னும் நூறு அடி. வழி இங்கே பிரிந்தது, ஓடுகிறவர்கள் பந்தலுக்குள்ளே, மற்றவர்கள் வெளியே. பரிமளா சைக்கிளை நிறுத்தினாள். ஜெயசீலியின் கால்கள் மெதுவாகின. அவளே மெதுவாக்கினாள். கழுத்தைத் திருப்பி, "இன்னாக்கா கேட்டாரு?" என்று கத்தினாள். நீலச் சட்டை போட்ட ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள்.

"பாத்ரூம் எங்கன்னு கேட்டாண்டி! ஓட்டமா ஓடுறான்! வெளிய வந்து ஊட்டைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'பரிமளா, நீ எதுக்கு அங்க வரணும், இங்கயே எட்டு மெஷின் போடலாமே'ன்றான். ராத்திரி என் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டான். இன்னும் எழல!"

ஜெயசீலி கோட்டைத் தாண்டும்போது எடுத்த போட்டோவில் முன்னே பின்னே இருக்கிற எல்லாருக்கும் முகம் கோணியிருக்கிறது. அவள் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். நாலாவது. கழுத்தில் பதக்கம் போட்டுவிட்ட பெண், "கடைசியில ஏங்க நின்னீங்க? வைசாக் போயிருப்பீங்களே" என்று மனசு கேட்காமல் கேட்டாள். "முக்கியமான விஷயம் பேசிக்கினு இருந்தோங்க" என்றாள் ஜெயசீலி.

திரும்பும்போது அவள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். கடற்கரை தாண்டி, சென்ட்ரல் தாண்டி, யானைக்கவுனி மேம்பாலம் ஏறுகையில் பரிமளாவுக்கு மூச்சு இரைத்தது.

"எறங்கி ஓடேண்டி, கனமா இருக்கே."

"இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியிருக்கேன்க்கா."

"அது ஒனக்காவ ஓடுனது."

ஜெயசீலி இறங்கி, கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பாலத்தின் மேல் ஓடினாள்.